கால் நல்லா இருக்கு, ஐயா

கண்ணாடி வெட்டுவது கையால் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் சார்ஜண்ட் கடையில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். அது காலால் செய்கிற வேலை. மேசைமேல் கம்பளியை விரித்து, அதன்மேல் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, மர ஸ்கேலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டரை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரே இழுப்பில் கொண்டுவர வேண்டும். நடுவில் நிறுத்தினால் போச்சு. இழுக்க இழுக்க உடம்பு பின்னால் சாயும். அந்தச் சாய்வைப் பாதம்தான் தாங்குகிறது. பாதம் ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு கோணிக்கொண்டு, கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும்.

அந்தத் தெருவில் மட்டுமில்லை, அந்த ஊரிலேயே கோணாமல் வெட்டத் தெரிந்த ஒரே ஆள் சார்ஜண்ட்தான். சந்தேகப்படுகிறவர்கள் வேறு கடையில் வெட்டி வாங்கி ஜன்னலில் மாட்டிவிட்டு, மழை பெய்யும்போது உள்ளே நின்று பார்க்கலாம்.

அப்படிப்பட்டவர் கடையில் ஒரு நாள் காலையில் சடக்கென்று சத்தம் கேட்டது. ஒரு அலமாரிக் கதவுக்கான பெரிய கண்ணாடி, வாழை இலை கிழிந்த மாதிரி குறுக்கே கிழிந்து கிடந்தது. வாசல் பக்கம் உட்கார்ந்து சட்டங்களுக்குப் பட்டி தடவிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் திருப்பவில்லை.

"என்னங்க, மறுபடியுமா?"

"சரக்கு மட்டம். கம்பெனிக்காரன் தலையில கட்டிட்டான்."

"போன வாரமும் கம்பெனிக்காரன்தானா?"

"உன் வேலையைப் பாரு."

அவள் எழுந்து வந்தாள். உடைந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். இடது குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி, வலது பாதத்தின் வெளிவிளிம்பில் நின்றுகொண்டிருந்தார். சூடான தகரத்தில் நிற்கிற கோழி மாதிரி.

"கம்பெனிக்காரன் உங்க கால்லயும் மட்டமான சரக்கைத்தான் வச்சு அனுப்பியிருக்கான் போல," என்றாள்.

மனைவி என்றால் அப்படித்தான். வெட்டுகிற மாதிரி பேசுவாள், பிறகு வெந்நீர் வைப்பாள்.

டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். இரண்டு பாதத்திலும் வளைவு இறங்கித் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது, குதிகால் நரம்பு நைந்த கயிறு மாதிரி ஆகிவிட்டது, இனி நின்று செய்கிற வேலை கூடாது. நின்றால் இன்னும் கொஞ்ச காலத்தில் வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடாகிவிடும். உட்கார்ந்து கண்ணாடி வெட்ட முடியாது. வெட்டுகிறவன் ஒருவனைச் சம்பளத்துக்கு வைக்கலாம். ஆனால் கடை இரண்டு குடும்பத்தைத் தாங்காது. பட்டாளத்தில் கெட்டுப்போன காலுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தால், அதைக் கொண்டு ஆள் வைத்துக்கொண்டு இவர் கல்லாவில் உட்காரலாம். கொடுக்காவிட்டால் கடையை விற்க வேண்டியதுதான். வாங்குவதற்குப் பக்கத்துப் பெயிண்டுக்கடைக்காரர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். போகிறபோதும் வருகிறபோதும் இரண்டு கடைக்கும் நடுச்சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.

"இடிச்சா ரெண்டும் ஒண்ணாயிடும்ல, சார்ஜண்ட்?"

"நான் செத்தப்புறம் இடிச்சுக்கோ."

"சே சே, உங்களுக்கென்ன, இரும்பு உடம்பு."

இரும்பு என்கிற அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. பட்டாளத்தில் அவருக்குப் பெயரே இரும்புக்கால்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

ஆள் எடுக்கிற நாளன்று அவரும் அவர் கூட்டாளியும் சேர்ந்துதான் வரிசையில் நின்றார்கள். அந்தக் கூட்டாளிதான் பின்னால் மச்சான் ஆனவர், மனைவியின் அண்ணன். இரண்டு பேருக்கும் படிப்பு பள்ளிக்கூடத்து வாசற்படியோடு சரி. நெஞ்சை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், கடைசியில் ஒரு தட்டுத் தண்ணீரில் காலை நனைத்து சிமெண்டுத் தரையில் நடக்கச் சொன்னார்கள். கால் தடத்தில் நடுவே வளைந்து வெற்றிடம் விட்டிருந்தால் நல்ல கால். முழுப் பாதமும் அப்பம் மாதிரி பதிந்தால் தட்டைக்கால், வீட்டுக்குப் போகலாம். மச்சானின் தடம் அப்பமாக விழுந்தது. இவருடைய தடம் பிறை மாதிரி விழுந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் ஒருத்தர் பட்டாளத்துக்காரர், ஒருத்தர் இல்லை என்று ஆகிவிட்டது. மச்சான் வெளியே வந்து அழுதார். இவர் பார்க்காத மாதிரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பட்டாளத்தில் கொடுத்த பூட்ஸ் அரை அளவு சின்னது. பெரியது கேட்டதற்கு, "பூட்ஸுக்கு ஏத்த மாதிரி காலை வளத்துக்கோ," என்றான் சாமான் கொடுக்கிறவன். அதைப் போட்டுக்கொண்டுதான் மலையேறினார், பாரம் சுமந்தார், தேங்கின தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் ராப்பகலாகக் காவல் நின்றார். காலுறைக்கு உள்பக்கம் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் கொப்புளம் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். இந்த வித்தையைப் படையில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான்.

நீண்ட நடை முடிந்து வந்தால் கால் சோதனை நடக்கும். ஒவ்வொருவனும் வெறுங்காலோடு தன் கட்டில் ஓரத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். அதிகாரி கைத்தடியோடு வருவார். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் தடியால் தரையை ஒரு தட்டு தட்டி, குனிந்து பார்த்து, "கால் எப்படி?" என்பார். "கால் நல்லா இருக்கு, ஐயா!" என்று கூரை அதிர முழங்க வேண்டும். எவனாவது வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அவனை மருந்துக்கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவன் சுமையை அவன் கூட்டத்து மற்றவர்கள் பகிர்ந்து சுமக்க வேண்டும், அந்த வார விடுப்பும் மொத்தக் கூட்டத்துக்கும் கிடையாது. அவன் திரும்பி வந்ததும் யாரும் அவனோடு பேச மாட்டார்கள். அவன் தட்டில் சோறு போடுகிறவன்கூட முகத்தைப் பார்க்க மாட்டான்.

அதனால் ரத்தம் கட்டிலோரம் சொட்டிக்கொண்டிருக்கும்போதும் கால் நல்லாத்தான் இருந்தது, எல்லாருக்கும். எல்லாரையும்விடச் சத்தமாக இவருக்கு நல்லா இருந்தது. பிறகு இவரே சார்ஜண்ட் ஆனார். அதிகாரி வருவதற்கு முன்னால் ஒரு தடவை தாமே போய் வரிசையைப் பார்த்து, "என்னடா, கால் எப்படி இருக்கும் உனக்கு?" என்று பையன்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு வருவார். இவர் பிரிவில் வலிக்கிறது என்று சொன்னவன் ஒருவன் கிடையாது. அதற்கு ஒரு கேடயம்கூட வாங்கியிருக்கிறார்கள்.

வெளியே வந்தபோது கையில் அந்தப் பெயரும் கால்களும்தான் மிச்சம். ஒரு கண்ணாடிக்கடையில் தூள் பெருக்கப் போனார். பெருக்கிக்கொண்டே முதலாளியின் கையைப் பார்த்தார். முதலாளி வெற்றிலை வாங்கப் போகிற நேரத்தில் வெட்டிப் பார்த்தார். அவரை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை; யார் தயவிலும் அவர் மேலே வரவில்லை. பெருக்கிய கடைக்கு எதிரிலேயே சொந்தக் கடை போட்டார். பட்டம் வாங்கினவர்கள் எத்தனை பேர் அவரிடம் வந்து, "அளவு எப்படி எடுக்கணும் சார்ஜண்ட்?" என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அதெல்லாம் சும்மா வந்துவிடுமா?

உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டதே மனைவியின் நச்சரிப்பில்தான். முதல் தடவை ஒரு டாக்டர் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதே அதிகம். காகிதத்திலிருந்து கண்ணை எடுத்த நேரத்தைவிட, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிய நேரம் அதிகம். பதில் வந்தது: இது பிறவித் தட்டைப் பாதம், படைச் சேவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தள்ளுபடி.

பிறவி என்கிற சொல்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு நடுவில் நின்று கத்தினார்.

"எங்க அம்மா என்னை ஒழுங்காத்தான் பெத்தா! நல்ல காலோடதான் பெத்தா! வேணும்னா நீ கெடுத்தேன்னு ஒத்துக்கோ, இல்லாட்டி நீ குடுக்கவே வேணாம். பெத்தவளை ஏன்டா இழுக்கறே?"

"அந்த டாக்டருக்குக் கேக்காது. இங்கேர்ந்து ரொம்ப தூரம்," என்றாள் மனைவி.

மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைச் சொன்னவர் முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர். பட்டாளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பீரங்கிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று உதவித்தொகை வாங்குகிறவர். எதிர்க்கடையில் மெதுவாக டீ சொன்னால் இங்கே இருந்து, "எனக்கும் ஒண்ணு," என்பார்.

கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "ஆள் எடுக்கறப்ப கால் தடம் பாத்தாங்களா, இல்லையா?"

"பாத்தாங்க. பிறை மாதிரி இருந்துச்சு. என் மச்சான்கூட இருந்தான் பக்கத்துல. அவனைத் தட்டைக்கால்னு துரத்திட்டாங்க."

செயலாளர் தொடையைத் தட்டினார். "முடிஞ்சுது கதை! தட்டைக்காலைத்தான் துரத்துவீங்களே, அப்ப என்னை எப்படி எடுத்தீங்கன்னு கேளு. எடுக்கும்போது நல்ல கால், விடும்போது கெட்ட கால். நடுவுல யாரு கையில இருந்துச்சு? உங்க கையில. மச்சானைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. போன தடவை எப்படி நடந்து காட்டினே?"

"எப்படி நடப்பாங்க? ஒழுங்கா நடந்தேன்."

"பூட்ஸ் பாலீஷ் போட்டுட்டுப் போனியா?"

"பின்ன, அழுக்கோட போவாங்களா?"

"அடப்பாவி. உன்னை நீயே தோக்கடிச்சுட்டு வந்திருக்கே. வீட்டுல எப்படி நடக்கறியோ அப்படி நட. நடிக்கச் சொல்லல. நடிக்காதேன்னு சொல்றேன்."

அதிலிருந்து வீட்டில் ஒத்திகை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரி ஆனாள். கையில் துடைப்பம்.

"நடந்து காட்டுங்க."

நடந்தார். அணிவகுப்பு மாதிரி இருந்தது.

"பாத்ரூமுக்கு எப்படிப் போவீங்க? அப்படிப் போங்க."

"ஒருத்தர் பாக்கும்போது எப்படி அப்படிப் போறது?"

"சரி, நொண்டுங்க."

நொண்டினார். வலி அதிகமாக இருக்கிற இடது காலை விட்டுவிட்டு வலது காலை நொண்டினார். பார்க்க வந்திருந்த மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்பிள்ளை, பொறந்ததுலேர்ந்து தட்டைக்காலோட நான் நடக்கறேன். என்னைப் பாத்துக் கத்துக்கோங்க. இந்த ஒரு விஷயத்துலயாவது நான் உங்களுக்கு வாத்தியார்."

"உன்னை வெளிய துரத்தினதே இந்த நடைக்குத்தான், மச்சான்."

"ஆமா. துரத்தினதால கால் வலியில்லாம நடக்கறேன். எடுத்துக்கிட்டதால நீங்க இப்படி இருக்கீங்க."

சிரிப்பு அதோடு நின்றது. மனைவி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களை ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. வலிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை. என்கிட்டகூட நீங்க அதைச் சொன்னதில்ல. அங்கயாவது சொல்லுங்க. சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னு சொன்னா சொல்வேன்."

மேல்முறையீட்டு அறையில் ஒரு நீள மேசை, மூன்று நாற்காலி, ஓரத்தில் ஒரு படுக்கை, தரையில் குளிர்ந்த ஓடு. ஜன்னல் கண்ணாடி கீழ்மூலையில் கோணலாக வெட்டியிருந்ததை சார்ஜண்ட் உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டார். நடுநாற்காலியில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், கையில் வெள்ளிப் பூண் போட்ட ஊன்றுகோல். வலதுபக்கம் ஒரு டாக்டரம்மா. இடதுபக்கம் சட்டம் தெரிந்த ஒருவர். அவர் பேசியது கடைசிவரை ஒரு இருமல்தான்.

சார்ஜண்ட் அன்று பூட்ஸுக்குப் பாலீஷ் போடவில்லை. மனைவி பாலீஷ் டப்பாவை முந்தின நாளே ஒளித்து வைத்திருந்தாள். ஊன்றிக்கொண்டு நடக்க மச்சானின் தோள் இருந்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

டாக்டரம்மா நல்ல மாதிரி. அவரே எழுந்து வந்து தரையில் பழுப்புக் காகிதம் விரித்தார், தட்டில் தண்ணீர் ஊற்றினார்.

"ரெண்டு பேரும் காலை நனைச்சு இதுல நில்லுங்க."

இருவரும் நின்று இறங்கினார்கள். காகிதத்தில் நான்கு அப்பங்கள். எது யாருடையது என்று பெற்ற தாய்களாலும் சொல்ல முடியாது.

மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் தம்மைத் துரத்திய தடமும், தம் கூட்டாளியை உள்ளே எடுத்துக்கொண்ட தடமும் ஒன்றாகிக் கிடந்தன.

"அன்னிக்கு இவர் தடம் எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?" என்று அவரைக் கேட்டார் டாக்டரம்மா.

"பாத்தேன் அம்மா. எப்படி மறக்கும்? நடுவுல அப்படியே வளைஞ்சிருந்துச்சு. பொறாமையில பாத்துக்கிட்டே இருந்தேன்."

டாக்டரம்மா மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "பிறவிங்கற பேச்சு அடிபட்டுப் போச்சு. எடுக்கும்போது வளைவு இருந்திருக்கு, இல்லாட்டி இவரையும் அனுப்பியிருப்பாங்க. இனிமே வலி எவ்வளவு, எப்போலேர்ந்துங்கறதுதான் பாக்கி. அதை இவர் வாயால சொன்னா போதும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த செயலாளர் சார்ஜண்டைப் பார்த்துக் கண்ணடித்தார். பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. காலால் தள்ளினால் போதும்.

அப்போதுதான் கர்னல் எழுந்தார். அதுவரை பேசாமல் இருந்தவர். வயது எண்பதை நெருங்கியிருக்கும், ஆனாலும் முதுகு கோடு போட்ட மாதிரி. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். சார்ஜண்ட் படுக்கையின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கால் ஈரமாக இருந்தது. தரை சில்லென்றிருந்தது.

கர்னல் அவர் முன்னால் வந்து நின்றார். ஊன்றுகோலால் தரையை ஒரு தட்டு தட்டினார். குனிந்தார்.

"கால் எப்படி?"

மச்சானின் தோளிலிருந்து கை தானாக விழுந்தது. குதிகால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டின. முகவாய் நிமிர்ந்தது. நெஞ்சு முன்னால் வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை, அது திறந்துகொண்டது.

"கால் நல்லா இருக்கு, ஐயா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வராந்தாவில் நின்ற சேவகன் எட்டிப் பார்த்தான்.

கர்னல் மெதுவாக நிமிர்ந்தார். கிழவரின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. ஆயுசு முழுக்கக் கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்த மனிதர். அந்தக் குரலை எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கிறாரோ.

"சபாஷ்," என்றார்.

"ஐயோ, பொய் சொல்றாரு!" மச்சான் அலறினார். "நம்பாதீங்க ஐயா! அவரால ஒரு ஃபுல் கண்ணாடி வெட்ட முடியல! பாத்ரூமுக்குச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு! என் தங்கச்சி தினம் வெந்நீர் ஊத்தறா!"

"மச்சான், வாயை மூடு."

"மூட வேண்டிய நேரத்துல நீங்க மூடல, நான் ஏன் மூடணும்?"

இருமல்காரர் இருமினார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்தார். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"சார், இதைப் பாருங்க. தடம் எவ்வளவு தட்டையா இருந்தாலும் நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. சட்டம் வலிக்குத்தான் குடுக்குது, வடிவத்துக்கு இல்ல. பழக்கத்துல சொல்லிட்டீங்க, எனக்குப் புரியுது. யோசிச்சு இன்னொரு தடவை சொல்லுங்க. வலிக்குதா, இல்லையா?"

யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாம் கண் முன்னால் இருந்தது. மேசையும் கம்பளியும் கிழிந்த கண்ணாடியும், சுவரைத் தட்டிப் பார்க்கிற பெயிண்டுக்கடைக்காரரும், கையில் துடைப்பத்தோடு "சத்தியமா?" என்று கேட்ட மனைவியும். ஒரு வார்த்தைதான். நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தே விட்டது.

ஆனால் கர்னல் இன்னும் எதிரிலேயே நின்றார். முகம் மலர்ந்து நின்றார். அதிகாரிக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றிப் பேசுகிறவனுக்கு என்ன பெயர் என்று தம் பிரிவுப் பையன்களுக்கு அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைத் தமக்கே வைத்துக்கொள்வதா? இரும்புக்கால் என்று அழைத்த வாய்களெல்லாம் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அதில் வலியோடு வரிசையில் நின்ற பையன்களும் இருந்தார்கள். "என்னடா, கால் எப்படி இருக்கும் உனக்கு?" என்று இவர் கேட்டபோது இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்," என்றவர்கள்.

"சொன்னது சொன்னதுதான், டாக்டரம்மா," என்றார் சார்ஜண்ட்.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், பிறகு கர்னலைப் பார்த்தார். இரண்டு பேர்மேலும் சமமாகக் கோபம் வந்த மாதிரி இருந்தது. போய் உட்கார்ந்தார்.

தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டார்கள். பிறவி என்று முன்பு சொன்னது தவறு. வளைவு சேவையில்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் அதனால் மேல்முறையீட்டாளருக்குத் தொந்தரவு எதுவும் இல்லை என்று அவரே சொல்வதால் உதவித்தொகைக்கு இடமில்லை. கர்னல் அதைத் தாமே வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "இந்த மாதிரி ஆளுங்க இப்பல்லாம் எங்க இருக்காங்க?" என்று சொல்லி, கையை நீட்டிக் குலுக்கினார். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க எந்தக் கர்னலும் சார்ஜண்டின் கையைத் தொட்டதில்லை. அந்தக் கை அவருக்கு வேண்டியதாகவும் இருந்தது, அதை உதறிவிடத் தோன்றுவதாகவும் இருந்தது. குலுக்கிவிட்டு வந்தார்.

செயலாளர் வாசலில் ஒன்றே ஒன்று சொன்னார். "எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லி வாங்கறேன். இன்னிக்குத்தான் நிஜமாவே கேக்காம இருந்திருக்கக் கூடாதான்னு இருக்கு."

பஸ்ஸில் ஒருவர் எழுந்து சார்ஜண்டுக்கு இடம் கொடுத்தார். வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் மச்சான் உட்கார்ந்தார். இறங்கும்போது மச்சான், "உங்களை எடுத்துக்கிட்டது தப்பு மாப்பிள்ளை. அன்னிக்கு என்னைத்தான் எடுத்திருக்கணும். நான் முதல் நாளே அழுதிருப்பேன்," என்றார்.

மனைவி கடை வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். உள்ளே போய்ப் பட்டி டப்பாவை மூடி வைத்தாள்.

கடை கைமாறியது. பெயிண்டுக்கடைக்காரர் நடுச்சுவரை இடித்தார். சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. மேசையையும் கம்பளியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். வெட்டுவதற்கு ஒருவனையும் வைத்தார். கோணல் வெட்டு. அதைத் தெருவுக்கே தெரியும்படி சார்ஜண்ட் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்டீக்கடை பெஞ்சில்தான் இப்போது அவர் உட்காருவது. உட்காருகிற வேலையாகப் பார்க்கத்தான் டாக்டர் சொன்னார், கிடைத்துவிட்டது.

யாராவது உதவித்தொகையைப் பற்றிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"குடுக்கத்தான் வந்தாங்க. கர்னலே எந்திரிச்சு வந்து கேட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன். நான் பெருக்கின தூள்லேர்ந்து கடை கட்டினவன். எவன்கிட்டயும் கை நீட்டினதில்ல."

ஒரு நாள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனைவி அந்தப் பக்கமாகச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"நிஜமாவா அக்கா? இவரே வேணாம்னுட்டாரா?"

"ஆமா, இவரேதான் வேணாம்னுட்டாரு," என்றாள். "நல்லாச் சத்தமா."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சார்ஜண்ட் டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்துகொண்டார். தெருக்கோடிவரை நிமிர்ந்து நடந்தார். திருப்பத்தில் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று தெரிந்ததும் சுவரில் கை வைத்தார்.

வீட்டில் அவள் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தாள். வாய் அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் ஆவி பறந்தது. அவர் கால்களை உள்ளே வைத்தார். அவள் குந்தி உட்கார்ந்து, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். எப்போதும் செய்கிறதுதான். எப்போதும் பேசாமல் செய்வாள். அன்றைக்கு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"கால் எப்படி இருக்கு?"

தட்டுவதற்குத் தடி இல்லை. எதிரில் அதிகாரி இல்லை. அறையில் வேறு யாருமில்லை. அவர் தண்ணீருக்குள் தெரிந்த தம் பாதங்களைப் பார்த்தார்.

"வலிக்குது," என்றார்.

அவள் கை நின்றது.

"இதை யார்கிட்ட வந்து சொல்றீங்க," என்று சொல்லிவிட்டு, செம்பில் மிச்சமிருந்த வெந்நீரை அவர் பாதத்தின்மேல் ஊற்றினாள்.